இருபத்தொரு நாள்கள் மட்டும்

தேதி அக்கா அதிர்ந்து யாரும் பார்த்ததில்லை. மற்றவர்களை அதிர வைப்பதுதான் அவர் வழக்கம். லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில், தேதி போடாத தாள் ஒன்று அவர் மேசையைத் தாண்டியதாகச் சரித்திரமே இல்லை. விடுப்புக் கடிதமோ, பேனா கேட்டு எழுதிய துண்டுச்சீட்டோ, தேதி இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடும். மூன்று வருடங்களுக்கு முன் மேனேஜர் கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதி வீசிவிட்டுப் போனார். அக்கா அதையும் திருப்பி அனுப்பினார். தேதி போட உட்கார்ந்த நேரத்தில் கோபம் ஆறிப்போய், இன்றுவரை அவரே மேனேஜர்.

வீட்டிலும் அதே கதைதான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கணவர் "பால் வாங்கியாச்சு" என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினால், மாலையில் அதன் கீழே அக்காவின் கையெழுத்தில் "எப்போது?" என்று இருக்கும்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. டைப்பிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்தவர். டைப்ரைட்டர்கள் எடைக்குப் போன காலத்தில், அப்போதைய மேனேஜர் இந்த அம்மாள் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டு, 'சரிபார்ப்பு உதவியாளர்' என்று ஒரு பலகை செய்து மாட்டினார். பலகைக்குத் தேதி போடும் பழக்கம் இல்லாததால் அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை. பிரிவில் மொத்தமே அவர் ஒருவர்தான். யாருக்கு உதவியாளர் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வேலை இதுதான். மெக்கானிக் போய் லிஃப்ட்டைப் பார்த்து, கயிறு, பிரேக், கதவுப் பூட்டு என்று பன்னிரண்டு கட்டங்களில் டிக் போட்டு ஒரு சர்வீஸ் சீட்டு கொண்டுவருவார். அக்கா அதைப் பார்த்து இனிஷியல் போட்டால்தான், 'இந்த லிஃப்ட்டில் ஆள் ஏறலாம்' என்ற சான்றிதழ் வெளியே போகும். பத்தொன்பது வருடங்களாக, ஏறியவர்கள் எல்லோரும் இறங்கியிருக்கிறார்கள்.

அப்படியிருக்கும்போது தலைமை அலுவலகம் ஒரு மென்பொருளை வாங்கியது. தாள்களைத் தானாகவே ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்த்துமாம். அதோடு வந்த கையேடு ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம். மேனேஜர் பதினொரு பக்கம் படித்தார். பன்னிரண்டாவது பக்கத்தில் அவருக்கு அக்காவின் நினைவு வந்தது.

"அக்கா, இதை நாம படிக்க வேண்டாம். ஏஐ உதவியாளர் ஒண்ண உருவாக்கி, அதுக்கிட்ட படிக்கக் கொடுத்துடலாம். கையேடு, நம்ம பழைய விதிமுறை, சுற்றறிக்கை எல்லாத்தையும் உள்ள ஏத்திட்டு, எந்த வேலை யார்கிட்டேருந்து யார்கிட்ட போகுதுன்னு கேட்டா அது சொல்லும்."

"அது சொல்றது சரின்னு யார் சொல்லுவாங்க?"

"நீங்கதான். அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்."

"தேதி?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள அறிக்கை போகணும். இன்னொண்ணு. இந்த வேலை வரிசையில எந்தப் படிக்கு நடப்புல இருக்கிற ஆணை இல்லையோ, அந்தப் படியையும் ஆளையும் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்களாம். மேலேருந்து வந்த உத்தரவு."

"எடுக்கட்டும். ஆணை இல்லாம வேலை பாக்கறவங்களுக்கு அதான் மரியாதை" என்றார் அக்கா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் இரும்பு பீரோ காலியாகி, ஸ்கேனர் சூடாகி, கோப்புகள் உள்ளே ஏறின. அந்த உதவியாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுத ஒரு பெட்டி இருந்தது. மற்றவர்கள் 'அன்பாகப் பதில் சொல்' என்று ஏதாவது எழுதியிருப்பார்கள். அக்கா மூன்று வரி எழுதினார்: 'ஆவணத்தில் இல்லாததைச் சொல்லாதே. இருப்பதை மறைக்காதே. எதைச் சொன்னாலும் கோப்பு எண், பக்கம், தேதியோடு சொல்.'

புதன்கிழமை முழுக்க அதற்குப் பரீட்சை நடந்தது. கேன்டீன் மணி எத்தனைக்கு என்று கேட்டால், 'இது ஆவணத்தில் இல்லை' என்றது. பெயின்ட் வாங்க யார் ஒப்புதல் தர வேண்டும் என்றால் கோப்பு, பக்கம், தேதி மூன்றையும் கொடுத்தது. அக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது. "எனக்குப் பொண்ணு பிறந்திருந்தா இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார். மேனேஜர் அந்தப் பெண்ணைக் கட்டியிருக்கக்கூடிய மாப்பிள்ளைக்காக மனத்துக்குள் இரங்கினார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா, தனக்குத் தெரிந்த பதில் என்பதாலேயே கடைசிக்கு வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்: சர்வீஸ் சீட்டு எந்த வழியாகப் போகிறது?

பதில் அழகாக வரிசை போட்டு வந்தது. நான்காவது படியில் அக்காவின் கண் நின்றது.

'சீட்டுச் சரிபார்ப்பு. பொறுப்பு: இன்ஜினியர். சுற்றறிக்கை 212-இன்படி, இன்ஜினியர் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் இருந்த காலத்தில், அவருக்கு உதவியாக டைப்பிஸ்ட் இப்பணியை இருபத்தொரு நாள்கள் மட்டும் கவனிக்க வேண்டும். அக்காலம் முடிந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. நீட்டித்ததாக ஆவணம் எதுவும் இல்லை.'

அக்கா அதை ஒரு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் படித்தார். கண்ணாடியில் குற்றமில்லை. எழுந்து போய் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து 212-ஐ எடுத்தார். பழுப்பேறிய தாள். 'இருபத்தொரு நாள்கள் மட்டும்' என்ற வரியின் கீழே ஒரு கோடுகூட இருந்தது. இடது மூலையில், டைப் அடித்தவரின் இனிஷியல். அவருடைய இனிஷியல். நல்ல கறுப்பு ரிப்பனில், பிழையில்லாமல், தேதியோடு.

யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். அந்த அலுவலகத்தில் அவர் தரையில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

அன்று மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்போடு சமையலறை வரைக்கும் போய்விட்டார். கணவர் பதறிவிட்டார்.

"என்ன ஆச்சு? முகம் வெளுத்துக் கிடக்கு. யாராவது போயிட்டாங்களா?"

"நான்தாங்க. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடியே."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "அதாவது, நீ இறங்க வேண்டிய ஸ்டாப் எப்பவோ வந்துடுச்சு. யாரும் பெல் அடிக்கல. நீ பாட்டுக்கு வண்டியிலேயே உட்கார்ந்துட்ட."

"உட்கார்ந்து இருந்தா பரவாயில்லையே. ஓட்டிக்கிட்டுல்ல இருந்திருக்கேன்."

"சரி, அந்தத் தாளு உன்கிட்டதானே இருக்கு. யாருக்குத் தெரியும்? கிழிச்சுப் போட்டுடு."

அக்கா அவரைப் பார்த்த பார்வையில், முப்பது வருடம் நகரப் போக்குவரத்தில் பஸ் ஓட்டியவர் தானாகவே ரிவர்ஸ் எடுத்தார். "இல்ல, சும்மா சொன்னேன்."

ஆனால் மனித மனம் என்று ஒன்று இருக்கிறது; தேதி அக்காவுக்கும் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன், உதவியாளருக்குள்ளிருந்து சுற்றறிக்கை 212-ஐ மட்டும் நீக்கினார். கிழிக்கவில்லை, சோதித்துப் பார்க்கிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

'சீட்டுச் சரிபார்ப்பு. பொறுப்பு: இன்ஜினியர்' என்றது. அவ்வளவுதான். டைப்பிஸ்ட்டைக் காணோம். அவர் பெயர் கம்பெனியின் எந்த விதிமுறையிலும் இல்லை. அந்தத் தாள் இருந்தால் அவர் இருபத்தொரு நாள் இருந்தார். அது இல்லையென்றால் இருந்ததே இல்லை. அக்கா அவசர அவசரமாக 212-ஐத் திரும்ப ஏற்றினார்.

பிறகு கடைசியாக ஒன்று கேட்டார்: சரிபார்ப்பு என்றால் என்ன செய்வது?

'பன்னிரண்டு கட்டங்களும் நிரம்பியுள்ளனவா எனப் பார்த்து இனிஷியல் இடுதல். கையேட்டின் 418-ஆம் பக்கப்படி, இதை மென்பொருளே செய்யும்.'

பத்து மணிக் கூட்டத்தில் மூன்றே பேர். மேனேஜர், அக்கா, இன்ஜினியர். இன்ஜினியருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அதை நிம்மதியாகக் கழிக்கும் நோக்கத்தோடு ஒரு குஷன் வாங்கி நாற்காலியில் போட்டிருந்தார். அக்கா அறிக்கையை ஒரு வரியும் விடாமல் படித்தார். நான்காவது படி வந்ததும் மேனேஜரின் பேனா கீழே விழுந்தது.

"அக்கா, இதை ஏன் எழுதினீங்க? இந்த ஒரு வரியை எடுத்துடலாம். நானும் பாக்கல, நீங்களும் பாக்கல."

"இருப்பதை மறைக்காதேன்னு நான்தான் சார் அதுக்கு எழுதிக் கொடுத்தேன். இப்ப நானே மறைச்சா அது என்னைப் பத்தி என்ன நினைக்கும்?"

"அது நினைக்காதுக்கா."

"நான் நினைப்பேனே."

இன்ஜினியர் முகத்தில் நிறம் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. "இரும்மா" என்றார் ஒருவழியாக. "அப்ப இந்தப் பத்தொன்பது வருஷமும், எல்லா லிஃப்ட்டும், என் பொறுப்பா?"

"ஆமா சார். கோப்பு 9, பக்கம் 3."

"எங்கயாவது ஒண்ணு அறுந்து விழுந்திருந்தா?"

"உங்களைத்தான் தேடி வந்திருப்பாங்க."

இன்ஜினியர் குஷனைத் தடவிப் பார்த்துக்கொண்டார், இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று. "நான் திரும்பி வந்தப்ப ஒரு சீட்டும் என் டேபிளுக்கு வரல. காலுக்காக வேலையைக் குறைச்சிருக்காங்கன்னு நினைச்சேன். நல்ல கம்பெனின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

மேனேஜர் சமாளித்துக்கொண்டார். "சரி, இனிமே நீங்க பாருங்க சார். கட்டம் நிரம்பியிருக்கான்னு பாக்கறதுதானே? இதோ, இன்னைக்கு வந்த சீட்டு." கிரீஸ் என்று எல்லோரும் அழைக்கும் மெக்கானிக் கொடுத்தது. பன்னிரண்டு கட்டத்திலும் டிக். எட்டு மாடி மருத்துவமனை.

இன்ஜினியர் பொறுப்புள்ளவராக நடந்துகொள்ள விரும்பி, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு கிரீஸைக் கூப்பிட்டார். "எல்லாம் ஒழுங்கா பாத்தியா?"

"பக்காவா பாத்துட்டேன் சார்."

"பாத்துட்டானாம்" என்று பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார்." அக்கா ஃபோன் பக்கம் குனிந்தார். "தம்பி, உள்ள அந்தக் கண்ணாடியில விரிசல் இருந்துச்சே, மாத்திட்டாங்களா?"

"ஆங்... மாத்திட்டாங்கக்கா. புதுசு போட்டிருக்காங்க. பளபளன்னு இருக்கு."

"அந்த லிஃப்ட்ல என்னைக்குப்பா கண்ணாடி இருந்துச்சு?"

ஃபோனில், பின்னால் டீக்கடை டம்ளர்கள் மோதிக்கொள்ளும் ஒலி மட்டும் தெளிவாகக் கேட்டது.

"டீ குடிச்சிட்டுப் போய்ப் பாரு. கயித்தை விளக்கு அடிச்சுப் பாரு" என்று சொல்லி ஃபோனை வைத்தார் அக்கா.

மேனேஜர் அந்தச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது மாதிரி எத்தனை தடவைக்கா?"

"வாரத்துக்கு ரெண்டு. மழைக்காலத்துல நாலு."

"இது எந்தக் கோப்புல இருக்கு?"

எழுதாதது நடக்காதது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த அக்கா, தான் செய்ததை ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது.

மூடி திறந்த பேனாவை இன்ஜினியர் மெதுவாக மூடினார். "நான் பாக்க முடியாதும்மா. எந்த லிஃப்ட்ல கண்ணாடி இருக்குன்னு எனக்கே தெரியாது. சார், மறுபடி இவங்க பேர்லயே ஒரு ஆணை போடுங்க. இப்பவே."

"நிரந்தர ஆணை போட எனக்கு அதிகாரம் இல்லை சார். தலைமை அலுவலகத்துக்கு எழுதறேன், வரும்போது வரட்டும். தற்காலிகமா என்னால போட முடிஞ்சது..." மேனேஜர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகம் மாறியதைப் பார்த்தே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"இருபத்தொரு நாள்களா சார்?"

"மட்டும்" என்றார் மேனேஜர்.

சுற்றறிக்கையை அக்காவே டைப் அடித்தார். அடுத்த வாரம் முழுக்க உட்கார்ந்து, தான் செய்யும் வேலையை அறுபத்து மூன்று வரிகளில் எழுதி, தேதி போட்டு உதவியாளரிடம் ஏற்றினார். அதில் ஒரு வரி: 'லிஃப்ட்டில் இல்லாத பொருள் ஒன்றைப் பற்றி மெக்கானிக்கிடம் விசாரிக்க வேண்டும்.' என்ன பொருள் என்று எழுதவில்லை. கிரீஸ் ரகசியமாக அலுவலகக் கணினியில் போய், அக்கா அடுத்து எதைப் பற்றிக் கேட்பார் என்று விசாரித்ததாகவும், 'இது ஆவணத்தில் இல்லை' என்று பதில் வந்ததாகவும் பேச்சு.

அந்தப் புதிய மென்பொருளில் முதன்முதலாக ஓடிய வேலையை அமைத்தவரும் அக்காதான். சுற்றறிக்கையின் இருபதாம் நாள் காலை எட்டு மணிக்கு, இன்ஜினியருக்கு ஒரு கடிதம் தானாகவே போகும்: 'நாளை மாலையிலிருந்து எல்லா லிஃப்ட்டும் உங்கள் பொறுப்பு.'

தலைமை அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. கடிதம் இதுவரை நான்கு முறை போய்விட்டது. நான்கு முறையும் இன்ஜினியர் முழங்காலை மறந்து படியேறி, மேனேஜரிடம் நீட்டிப்பு ஆணையில் கையெழுத்து வாங்கி, மூச்சிரைக்க அக்காவின் மேசைக்குக் கொண்டுவந்தார்.

நான்காவது முறை அக்கா அதை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னம்மா? எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"தேதி எங்க சார்?"