ஜமீனின் பூர்வீகம்

நான் ஒரு தெருநாயை இராஜபாளையத்து நாய் என்று சொல்லி ஏமாற்றியவன். அந்தப் பொய்யின்மீது என் உத்தியோகத்தையே கட்டி எழுப்பியவன்!

ஒரு முறை அல்ல, இரு முறை அந்தப் பொய்யைச் சொன்னேன். முதல் முறை வயிற்றுக்காக. இரண்டாம் முறை எதற்காக...? அதைச் சொல்லத்தான் உங்கள்முன் இந்தத் தாளை விரித்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் பட்டப் படிப்பை முடித்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியுடன் சென்னையில் வந்து இறங்கினேன். பாரிமுனையில், மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி விற்கும் ஒரு நிறுவனத்தில் நேர்காணல். என்னைக் காட்டிலும் விரைவாகத் தட்டச்சு செய்யத் தெரிந்த எட்டுப் பேர் வெளியே விசுப்பலகையில் அமர்ந்திருந்தார்கள். மேலாளர் சபாபதி என் சான்றிதழ்களைப் புரட்டியவாறே கொட்டாவி விட்டார்.

"எந்த ஊருப்பா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் சார். இராஜபாளையம் பக்கம்."

கொட்டாவி பாதியில் நின்றது. மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இராஜபாளையமா! அப்போ வீட்ல நாய் இருக்குமே?"

"ரெண்டு இருக்கு சார்."

எங்கள் வீட்டில் ஒரு பூனைகூடக் கிடையாது! அதுமட்டுமா? பள்ளி நாள்களில் ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வி, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள் போட்டுக்கொண்டவன் நான். நாயைக் கண்டால் தெருவையே மாற்றிக்கொண்டு போகிறவன். ஆயினும் அந்த ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து எத்துணைச் சரளமாக வந்து விழுந்தது, தெரியுமா?

வேலை கிடைத்தது.

பொங்கலுக்கு ஊர் புறப்பட்டபோது மேலாளர் என் தோளில் கை வைத்தார். "உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதப் போறேன். நீ எனக்கு ஒரு குட்டி கொண்டு வரணும். பால் வெள்ளை, ரோஜா மூக்கு. அசலா இருக்கணும்பா!"

வேலையும் குட்டியும் ஒரே மூச்சில் வந்தன என்பதைக் கவனியுங்கள். நானும் கவனித்தேன்!

இராஜபாளையத்தில், தலைமுறை தலைமுறையாக நாய் வளர்க்கும் ஒருவரின் மாந்தோப்புக்குப் போனேன். அங்கே அசல் குட்டியைக் கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. குட்டியை மடியில் போட்டுப் பார்ப்பார்களாம். அது தூங்கினால்தான் தருவார்களாம்.

"நாய்க்கு ஆளப் பிடிக்கணும் தம்பி. பொறவுதான் மத்த பேச்சு" என்று தோப்புக்காரர் ஒரு வெள்ளைக் குட்டியை என் மடியில் வைத்தார்.

குட்டிக்கு என்னைப் பிடித்திருந்தது. என் கட்டைவிரலை நக்கியது. நான்தான் "ஐயோ!" என்று அலறி எழுந்து, கயிற்றுக் கட்டிலையும் கவிழ்த்து, மாமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன்!

தோப்புக்காரர் குட்டியை அள்ளி எடுத்துக்கொண்டு, என்னை நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, நீங்க கோழி வளக்கலாம்."

மறுநாள் மாலை சென்னைக்குப் பேருந்து. குட்டி இல்லாமல் போனால் நிரந்தரமும் இல்லை, மரியாதையும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த என் நண்பன் சங்கரலிங்கத்திடம் அழாத குறையாக முறையிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே கடைக்குப் பின்புறம் போய், சாக்குக்கட்டின் மேல் படுத்திருந்த ஒரு குட்டியைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி வந்தான். வெள்ளைதான். மூக்குங்கூட இளஞ்சிவப்புதான்.

"ஏலே, இது தெருநாய் போட்டதுலே!"

"வெள்ளையா இருக்கா இல்லையா? அம்புட்டுதான உங்க மேனேசருக்கு வேணும்? மெட்ராஸ்காரனுக்கு என்னலே தெரியும்!"

ஒயர்க் கூடையில் குட்டியை வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, அவனே என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டான். கூடை முனகியது. நடத்துநர் திரும்பினார்.

"கூடையில என்னய்யா?"

"பால்கோவாண்ணே" என்றான் சங்கரலிங்கம், கண் இமைக்காமல்.

"பால்கோவா கத்துது?"

"புதுப் பால்கோவாண்ணே. இன்னும் ஆறல!"

பேருந்தே சிரித்தது. நடத்துநரும் சிரித்துவிட்டு, கூடையை என் காலடியில் வைத்துக்கொள்ள விட்டுவிட்டார். நான் சென்னை வரையிலும் கால்களை இருக்கையின் மேலேயே வைத்திருந்தேன்!

மேலாளர் அதற்கு 'ஜமீன்' என்று பெயர் சூட்டினார். என் வேலை நிரந்தரமாயிற்று. ஆனால் ஜமீன் வளரத் தொடங்கிற்றே... அங்கேதான் என் சோதனை!

நான்காம் மாதத்தில் மூக்கு கறுத்தது. தொங்க வேண்டிய காதுகள் விறைத்து நின்றன. வால் முறுக்குப்போலச் சுருண்டு முதுகில் ஏறிக்கொண்டது. இடப்பக்கக் காதில் ஒரு பழுப்புத் திட்டு வேறு!

"என்னப்பா இது?" என்றார் மேலாளர்.

"வேட்டை வகை சார். மலையடிவாரத்துல மட்டும் இருக்கும். ரொம்ப அபூர்வம்."

அவர் அப்படியே நம்பினார். ஞாயிறுதோறும் ஜமீனைப் பழக்குவதற்கு என்னை வீட்டுக்கு அழைத்தார். "எங்க ஊர் வழக்கப்படி, பழக்குறவங்க நாயைத் தொடவே கூடாது சார், எட்ட நின்னுதான் சொல்லிக் கொடுக்கணும்" என்று கூறி, நாற்காலியின் மேல் நின்றுகொண்டு பாடம் நடத்தினேன். ஜமீன் என் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை. மேலாளர் மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டார்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் அந்நாள்களில் சிரித்தவன்தான்.

அந்த ஞாயிறுகளில் காப்பி அருந்த வருகிற இன்னொருவரும் உண்டு. கால்நடை மருத்துவர் ஞானமுத்து. மேலாளருடன் ஒரே பள்ளியில் படித்தவர். நாய்க் கண்காட்சிகளுக்கு நடுவராகப் போகிறவர். ஜமீனைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தை உயர்த்துவார். ஒன்றும் பேசமாட்டார். நண்பரின் மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பாத பண்பு அது.

எண்பத்தொன்பதில் மேலாளர் ஜமீனைக் குளிப்பாட்டி, புதுப் பட்டை கட்டி, கண்காட்சிக்கே அழைத்துப்போய்விட்டார். நடுவர் ஆசனத்தில் ஞானமுத்து! அங்கே அவர் பொய் சொல்ல முடியுமா? நண்பரைத் தனியே அழைத்து, மெல்லச் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை மேலாளர் என் மேசைக்கு வந்தார். பிடிபட்டேன் என்று எண்ணி எழுந்து நின்றேன்.

"தெரு நாய்ங்கறான்பா! அந்த ஊர்க்காரப் பையன் கையால கொண்டு வந்தது, அவனைவிட உனக்கு அதிகமாத் தெரியுமான்னு கேட்டுட்டேன். இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னும் சொல்லிட்டேன்."

இளமையிலிருந்து ஒன்றாக வளர்ந்த நட்பு... ஒரு சுருண்ட வாலில் அறுந்தது! நான் வாய் திறக்கவில்லை. நாளை சொல்லலாம் என்றேன். கல்யாணம் ஆகட்டும் என்றேன். பிள்ளை பிறக்கட்டும் என்றேன். மனிதனுக்குத்தான் எத்தனை நாளைகள்!

ஆறு ஆண்டுகள் கடந்தன. தொண்ணூற்றைந்தில் ஒரு நண்பகல், ஞானமுத்து என் அலுவலகத்துக்கே வந்தார். மேலாளர் ஓய்வு பெறவிருந்த மாதம் அது. தமக்குப் பின் அந்த நாற்காலியில் யார் அமர்வது என்பதை அவர் எழுதிக்கொடுக்க வேண்டிய மாதமும் அதுவே.

மருத்துவர் தண்ணீர்கூட வேண்டாமென்றார்.

"தம்பி, அவன் இல்லாம ஞாயித்துக்கிழமை நகர மாட்டேங்குது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாய் அசல்னா, நான் போய் மன்னிப்புக் கேட்டுடறேன். இல்லேன்னா, நீ போய் அவன்கிட்ட சொல்லு. நீ சொன்னா அவன் நம்புவான்."

எவ்வளவு எளிய கேள்வி! எவ்வளவு நேரிய மனிதர்! அறைக் கதவுக்கு அப்பால் மேலாளரின் இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. பத்தடி நடந்தால் போதும்.

"அசல்தான் சார்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ என் கண்ணுதான் பழுதாயிடுச்சு போல" என்றார். எழுந்து, அந்தப் பத்தடியை அவரே நடந்தார்.

உள்ளிருந்து முதலில் ஓர் அதட்டல் கேட்டது. பின்னர், இரண்டு கிழவர்கள் பள்ளிப் பிள்ளைகளைப்போல ஒருவரையொருவர் வைதுகொள்ளும் ஓசை!

"மூணு காப்பி சொல்லுப்பா!" என்று மேலாளர் கத்தினார்.

அன்று அலுவலகமே அவர்களுடன் சேர்ந்து மகிழ்ந்தது. நாற்காலியும் எனக்கே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பின. ஜமீன் பதினான்கு வயதுவரை அரசனாய் வாழ்ந்து, என் காலடியில் படுத்துறங்கும் அளவுக்கு என்னை மன்னித்தது. நானும் பாடம் நடத்திய நாற்காலியைவிட்டு இறங்கிவிட்டிருந்தேன்!

நண்பர்களைச் சேர்த்துவைக்கவே இரண்டாம் பொய்யைச் சொன்னேன் என்று எனக்கு நானே பலமுறை தீர்ப்பு எழுதிக்கொண்டதுண்டு. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர்கள் சேர்ந்திருப்பார்களே...! நான் மட்டுந்தானே வெளியே நின்றிருப்பேன்?

அன்றைய தினத்துக்குப் பின் ஞானமுத்து எந்தக் கண்காட்சிக்கும் நடுவராகப் போகவில்லை. அழைத்தவர்களிடம், "எனக்குப் பார்வை போதாது" என்று சொல்லிவிட்டார். அவர் பார்வையில் ஒரு குறையும் இல்லை. அது எனக்கு மட்டுமே தெரியும்.

இருவரும் இன்று இல்லை. ஆதலால் இதை உங்களிடம் சொல்கிறேன்.

கடைசிவரை, மேலாளர் வீட்டுத் தெருவில் ஏதேனும் ஒரு வெள்ளை நாய் போனால், நாற்பது ஆண்டுகள் நாய்களைப் பார்த்தே நரைத்த அந்த மனிதர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"தம்பி, இது அசலா? நீ பார்த்துச் சொல்லு."

நான் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்... ஒவ்வொரு முறையும்.