என்னைப் பரஸ்தானம் வைத்தார்கள்

என் தாய்மாமா பொய் சொன்னார். எட்டு வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் அதையே வேடிக்கைக் கதையாக எழுதியும் போட்டார். ஆளாளுக்குச் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நான் போடவில்லை. அது என் கதை. அதில் அவர் விட்டுவிட்டவற்றையும் சேர்த்து நானே சொல்கிறேன்.

அப்பா கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். பிறகு வேலை கிடைத்து மஸ்கட் போனார். ஒரு வருஷம் கழித்து எங்களையும் வரச் சொன்னார். எங்களை என்றால் அம்மாவை, அண்ணனை, என்னை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

புதுப்பாளையத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தோம். கூடத்தில் மூன்று குவியல்கள். ஒன்று மஸ்கட்டுக்கு. ஒன்று சிதம்பரத்தில் மாமா வீட்டில் போட்டுவைக்க. மூன்றாவது, கேட்கிறவர்களுக்குக் கொடுக்க. ஒவ்வொரு சாமானும் குவியல் மாறிக்கொண்டே இருந்தது. இட்லிக் குண்டான் காலையில் மஸ்கட் போகும், மத்தியானம் சிதம்பரம் போகும், சாயங்காலம் மறுபடியும் மஸ்கட். அம்மாவுக்கே தெளிவில்லை. எனக்கு எங்கிருந்து வரும்?

விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோ. எடை பார்க்க, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தேவனாம்பட்டினத்து அக்கா தன் கொக்கித் தராசைக் கொடுத்திருந்தாள். அண்ணன் அதில் பெட்டியைத் தொங்கவிட்டு எண்ணைச் சத்தமாகப் படிப்பான். அம்மா புளியை எடுப்பாள், மிளகாய்த்தூளை வைப்பாள். வீட்டில் எதை எடுத்தாலும் மீன் வாடை அடித்தது. தொங்கியவை இரண்டு பெட்டிகள்தான். என் பெட்டி எங்கே என்று கேட்டேன். உன்னுடையது அப்புறம் என்றாள் அம்மா.

தராசை வாங்கிப் போக வந்த மீன்கார அக்காவுக்கு அம்மா மீன் சட்டியைக் கொடுத்தாள். அக்கா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ரெண்டு பொட்டிதான் கீது. பாப்பா பொட்டி எங்கம்மா?"

"சட்டி அடியில ஒரு விரிசல் இருக்கு. பாத்து அடுப்புல வை" என்றாள் அம்மா.

அக்கா சட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். போய்விட்டாள். எனக்கு அந்தச் சட்டியின் மேல்தான் கவலை வந்தது.

வியாழக்கிழமை மாமா வந்தார். அவர் அம்மாவுக்கு அண்ணன். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கிளார்க். சட்டைப்பையில் எப்போதும் பாக்கெட் பஞ்சாங்கம் இருக்கும். பல் பிடுங்கப் போவதற்குக்கூட நல்ல நேரம் பார்ப்பார். எங்களுக்கு டிக்கெட் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நவமி வேறு. மாமா உதட்டைப் பிதுக்கினார்.

அதற்கு வழியும் அவரே சொன்னார். பரஸ்தானம் வைக்க வேண்டும். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் நம் பை ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துப்போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. பை கிளம்பிய அன்றே நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அந்தப் பை வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. அங்கிருந்தே எடுத்துக்கொண்டு பயணம் போக வேண்டும். எங்கள் வீட்டில் இது புதிதில்லை. அப்பா மஸ்கட் போனபோதுகூட அவருடைய பை நாலு நாள் பக்கத்து வீட்டில் இருந்தது.

இந்தமுறை மாமா ஒன்றைக் கூடுதலாகச் சொன்னார்.

"மூணு பேரா ஒரு வாசப்படியத் தாண்டக் கூடாது. அதனால ஒரு ஆள் முன்னாடியே வந்து என் வீட்டுல இருக்கட்டும்."

"பைய வச்சாப் போதாதா மாமா?" என்றான் அண்ணன்.

"பை வைக்கிறதெல்லாம் பேருக்குடா. ஆளே வந்து ஒக்காந்தா பவர் ஜாஸ்தி."

அண்ணனைத்தான் கூப்பிடுவார் என்று நினைத்தேன். நல்ல விஷயம் எதுவானாலும் அவனுக்குத்தான் முதலில் போகும். மாமா என்னைக் கை காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இருந்தது. விமானம் ஏறச் சென்னைக்குப் போக வேண்டும். சிதம்பரம் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். அதைக் கேட்டேன். "பிளேனு மேலருந்து பாத்தா எல்லா ஊரும் ஒரே பக்கம்தான்" என்றார் மாமா. அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். அம்மா எனக்கு ரெட்டைச் சடை பின்னினாள். கோணல் என்று அவிழ்த்தாள். மறுபடி பின்னி, மறுபடி அவிழ்த்தாள். மூன்றாவது தடவையும் கோணலாகத்தான் வந்தது, விட்டுவிட்டாள். என் துணி மொத்தமும் ஒரு பையில் இருந்தது. நாலு நாளைக்கு எதற்கு இவ்வளவு என்று எனக்குத் தோன்றவில்லை. மேலாக ஒரு பிளாஸ்டிக் கவரில் ஒரு தாள் இருந்தது. இதைக் கசக்காமல் மாமாவிடம் கொடு என்றாள். போயிட்டு வரேம்மா என்றேன். "ம்" என்றாள்.

வாசற்படி இறங்கும்போது மாமா ஒரு விதி சொன்னார். பரஸ்தானம் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அம்மாவின் பயணம் தடைபடும்.

நான் பார்க்கவில்லை. கழுத்து வலிக்க வலிக்க நேராக நடந்தேன். மாமா பையோடு பின்னால் வந்தார். தெருமுனையில் அவருடைய செருப்புச் சத்தம் நின்றுபோனது. நானும் நின்றேன். அப்போதும் நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இன்னா மாமா பாக்குறீங்க?"

"நீ நட" என்றார்.

குரல் ஒரு மாதிரி இருந்தது. வெயிலில் நடந்ததால் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு. சிப்காட் வந்ததும் அந்த அழுகிய முட்டை வாடை அடித்தது, மாமா ஷட்டரை இறக்கினார். நான் அந்தக் கவரில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். என் பெயர், அப்பா பெயர், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். கீழே, நடத்தை நன்று என்று எழுதியிருந்தது. அதுதான் என் விமான டிக்கெட் என்று முடிவு செய்தேன். நல்ல பிள்ளைகளை மட்டும்தான் விமானத்தில் ஏற்றுவார்கள் போலிருக்கிறது. அண்ணனுக்கு இப்படி ஒரு தாள் கொடுக்கவில்லையே, அவன் கதி என்ன என்று பாவமாக இருந்தது. அது பள்ளிக்கூடத்து டி.சி. என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் அத்தை ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்து வைத்திருந்தாள். புது மெத்தை. புது டிபன் பாக்ஸ், மூடியில் வாத்துப் படம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாலு நாளைக்கு மெத்தை வாங்குவார்களா என்று நான் யோசித்திருக்க வேண்டும். பெருமையில் யோசிக்கவில்லை. அத்தை என் துணியை எடுத்துத் தட்டில் அடுக்க வந்தபோது சண்டை போட்டேன். பரஸ்தானப் பையைப் பிரித்தால் அம்மாவின் பயணம் கெட்டுவிடும் என்றேன். அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே ஷூ போட்டுக்கொண்டு, கவரைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலுக்குப் பக்கத்தில் பையின் மேல் உட்கார்ந்திருந்தேன். தோசையை அங்கேயே தின்றேன். மத்தியானச் சோறும் அங்கேதான். வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். சாயங்காலம் போன் வந்தது. மாமா பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"சாப்டியா?" என்றாள் அம்மா. பின்னால் ஏதோ அறிவிப்புச் சத்தம்.

"சாப்டேன். எப்பம்மா வருவீங்க? நான் பையப் பிரிக்கவே இல்ல. திரும்பியும் பாக்கல."

அத்தை சொல்றதக் கேளு என்றாள் அம்மா. போன் கட்டாகிவிட்டது.

உனக்கு மட்டும் விசா வரவில்லை, ஜூன் மாதம் வந்துவிடும் என்றார் மாமா. விசா என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. நான் எங்கேயோ ஒரு தப்புச் செய்திருக்கிறேன் என்று மட்டும் நினைத்தேன். வழியில் தெரியாமல் திரும்பிப் பார்த்துவிட்டேனோ என்று பல நாள் யோசித்தேன். அடுத்த வாரம் அந்தத் தாளை மாமா தன் பள்ளிக்கூடத்தில் கொடுத்தார். அத்தை பையைப் பிரித்தாள். நான்கு ஜூன் மாதங்கள் போயின.

அத்தையின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாத்து டிபன் பாக்ஸில் தினமும் எனக்குப் பிடித்ததாகப் பார்த்து வைத்தாள். எனக்கு அதுவும் சேர்ந்துதான் குழப்பம். யாரைத் திட்டுவது என்று தெரியாமலே வளர்ந்தேன். அப்பா கடலூருக்கே திரும்பி வந்து வீடு கட்டினார். நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். அம்மா எனக்குச் சடை பின்ன வந்தால், நானே பின்னிக்கொள்வேன் என்று சொல்லிவிடுவேன். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அப்பா, அம்மா இருவருமே இல்லை.

வருகிற மாதம் நான், கணவர், மகள் மூவரும் கனடா போகிறோம். கடலூர் வீட்டைக் காலி செய்கிறேன். மறுபடி மூன்று குவியல்கள். அம்மாவின் பீரோவில் அடியில் விரித்திருந்த பேப்பரைத் தூக்கினேன். என் பழைய பாஸ்போர்ட் இருந்தது. உள்ளே நாலாக மடித்த விசாத் தாள். என் பெயர். ரெட்டைச் சடைப் படம். தேதி, நான் சிதம்பரம் போன வெள்ளிக்கிழமைக்கு முந்தியது.

விசா வந்திருக்கிறது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நான் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றதாகச் சொன்னான். உடனே, இல்லை, உள்ளே இருந்தாளோ என்றான். பெட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தானாம்.

அதற்கு அடுத்த நாள்தான் மாமா குழுவில் எழுதினார். பரஸ்தானம் வந்த பாப்பா பையின் மேல் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த கதை. முடிவில் ஒரு வரி: மூணு பேரா கிளம்பக் கூடாதே, உன் பொண்ணை இங்கே அனுப்பி வையேன். அதற்குத்தான் அத்தனை சிரிப்பு.

மாமா, என்னை நீங்கள் கேட்டீர்களா, அம்மாவே கொடுத்தாளா? இதற்கு நீங்கள் என்ன சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை. அதனால் வேறொன்று கேட்கிறேன். அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். என்னிடம் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு, தெருமுனையில் நின்று நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாளா? கதவு சாத்தியிருந்ததா? எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். அத்தையிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். நல்ல நேரமும் பார்க்க வேண்டாம். எல்லாரும் சிரித்த அதே குழுவில், எல்லாரும் படிக்கும்படி, இன்றைக்கே எழுதுங்கள்.