வழிவிடாத ஆள்

பேய் பிசாசு என்று யாராவது கதை ஆரம்பித்தால் "வேற வேலை இல்லியா?" என்று கேட்டு எழுந்து போகிறவள் நான், இன்றைக்கும் அப்படித்தான், அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, போன மார்கழிக்கு முன்னால் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஒரு சின்ன நகராட்சியில் ரோடு வேலைகளைப் பார்க்கிற ஒர்க் இன்ஸ்பெக்டர் நான். ஊர் பேர் வேண்டாம், தப்பு என்னுடையது. மழை முடிந்தால்தான் எங்களுக்கு உயிர் போகும். பள்ளங்களை அடைக்க வேண்டும், நடைபாதையில் பிடித்த பாசியைச் சுரண்டி ப்ளீச்சிங் பவுடர் தூவ வேண்டும், தோல் ஏற்றி வருகிற லாரிகளிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகி மேட்டு ரோடு வழுக்கும், அங்கே கல்தூள் கொட்ட வேண்டும். எல்லாம் மார்கழிப் பனி இறங்குவதற்குள் முடிய வேண்டும். விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நடந்து வருகிற பெண்களுக்கு அந்தப் பனியில் தன் கால் தனக்கே தெரியாது.

போன மார்கழியில் ஒரு நாள், அந்தப் பஸ் நிற்கிற ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால், நடைபாதைக்கு அடியில் ஓடும் கால்வாய் அடைத்துக்கொண்டது. மேலே மூடியிருந்த சிலாப்பை எடுத்துத் தூர் வாரினோம். சிலாப் உடைந்துவிட்டதால் புதிது வார்த்துக் காய வைத்தோம். அதுவரைக்கும் நடைபாதை அகலத்துக்கு ஆறடி ஆழப் பள்ளம், அடியில் உடைந்த கான்கிரீட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும். ஆள் வராமல் தடுக்க இரண்டு பக்கமும் பேரிகார்டு வைத்தோம். சாயங்காலம் கம்பெனி பஸ் பெண்களை எதிர்ப்பக்கம் இறக்கிவிடும், அதனால் அங்கே பள்ளம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசல் வரிசைக்குப் பேரிகார்டு போதவில்லை என்று கோயிலிலிருந்து வண்டி அனுப்பியிருந்தார்கள். எங்கள் மேஸ்திரி ஏழுமலை வந்து கேட்டார்.

"பள்ளத்துல இருக்கறதையும் குடுத்துடவா மேடம்?"

"குடுத்துடுங்க. வீட்டுக்குப் போற வழியில நானே ரெண்டு காலி தார் டிரம் எடுத்தாந்து குறுக்க வெச்சுட்றேன்."

சொன்னேன், அதோடு சரி. ஆபீசில் மீட்டிங், முடிய எட்டு மணி ஆனது, பசியில் நேராக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

காலை ஐந்தே முக்காலுக்குப் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டைக் காணோம், அவ்வளவு பனி. அப்போதுதான் டிரம் நினைவுக்கு வந்தது.

அந்தப் பஸ்ஸில் போகிறவர்களில் என் நாத்தனார் சுமதியும் ஒருத்தி, மேட்டுத் தெருக்காரி, பள்ளத்தைத் தாண்டித்தான் ஸ்டாப்புக்கு வர வேண்டும். முன் சீட்டைப் பிடிக்க எப்போதும் எல்லாருக்கும் முன்னால் விடுவிடுவென்று நடப்பாள், அதனால் விழுந்தால் முதலில் விழுவது அவள்தான். ஒரு பட்டுப்புடவைச் சண்டையில் ஒரு வாரமாக நான் அவளோடு பேசவில்லை. போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் போன் கூடாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவள். ஏழுமலைக்குப் போட்டேன், அவர் சொர்க்கவாசல் வரிசையில் நின்றிருந்தார், அந்தக் கூட்டத்தின் சத்தத்தில் நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை.

நைட்டி மேலே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். லைட் போட்டால் வெள்ளைச் சுவர் மாதிரி இருக்கிறது, அணைத்தால் ஒன்றுமே இல்லை. ஓரக்கல்லைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். அந்தப் புடவையை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன், யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

என் வீட்டுப் பக்கமிருந்து வந்தால் முதலில் பஸ் ஸ்டாப், அதைத் தாண்டித்தான் பள்ளம். பஸ் நின்றிருந்தது. ஜன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. சுமதி.

"ஏன் அண்ணி, உங்க ஆளுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? வழிக்கு நடுவுல நின்னுக்கினு நகரவே மாட்டேன்றாரு. தள்ளுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? கடைசில நாங்கதான் ரோட்டுல எறங்கி சுத்திக்கினு வந்தோம்."

"எந்த ஆளு?"

"அதான், ஆரஞ்சு கோட்டு போட்டுக்கினு இருப்பாங்களே உங்க ஆளுங்க."

"சரியான கல்லுளிமங்கன்," என்றாள் பின்சீட்டுப் பெண்.

"எல்லாரும் ஏறிட்டீங்களாடி? யாரும் பின்னாடி இல்லியே?"

"பதினோரு பேரும் இருக்கோம். இன்னா அண்ணி, ஏன் அழுவுறீங்க?"

பஸ் போய்விட்டது. அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன், அப்புறம் தனியாக, பைத்தியம் மாதிரி, சிரித்தேன். அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்த ஆளுக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று எழுந்து போனேன்.

யாரும் இல்லை. நம்பினால் நம்புங்கள், பள்ளம் திறந்தபடி அப்படியே கிடந்தது, கயிறு இல்லை, குச்சி இல்லை. நாங்கள் அள்ளிப்போட்ட சேறு நடைபாதையில் மெல்லிசாகப் பரவியிருந்தது, அதில் அந்தப் பெண்களின் செருப்புத் தடங்கள் நேராக வந்து, பள்ளத்துக்கு ஒரு ஜாண் முன்னால் நின்று, ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தன. வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு வெயில் வரும்வரை அங்கேயே நின்றேன். என் ஆட்கள் ஐந்து பேரையும் கேட்டுவிட்டேன், ஒருத்தரும் அந்தப் பக்கமே போகவில்லை. ஏழுமலை மட்டும், "பெருமாளே வந்திருப்பாரு மேடம்" என்றார். ஆரஞ்சு கோட்டிலா என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சுமதியை அங்கே கூட்டிப் போனேன். புது சிலாப் போட்டாகிவிட்டது.

"அந்த ஆளு எங்க நின்னான், காட்டு."

யோசிக்கவே இல்லை, சிலாப்புக்கு நட்டநடுவில் போய் நின்றாள். "இங்கதான். டிபன் பையால இடிச்சுக்கூட பாத்தேன், அசையல." அவளுக்குக் கீழே அன்றைக்கு என்ன இருந்தது என்று சொன்னேன். சட்டென்று இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூஞ்சியப் பாத்தியா?"

"எங்க அண்ணி பாக்கறது? எங்களுக்கு முதுக காட்டிக்கினு இல்ல நின்னாரு. உங்க வீட்டுப் பக்கமாவே பாத்துக்கினு இருந்தாரு, வர்றேன்னு சொன்னவங்க இன்னும் வரலியேன்னு பாப்பாங்களே, அந்த மாதிரி."

புடவையை அன்றைக்கே அவளிடம் கொடுத்துவிட்டேன். அந்த ரோட்டில் வேலை என்றால் மட்டும், ஐந்து நிமிஷம் தாமதமானாலும், இன்றைக்கும் "தோ வந்துட்டேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேதான் வண்டி ஓட்டுகிறேன்.