பாக்கு அடக்கிய தாகம்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் என் மனைவியும் வேலை பார்த்தோம். நான் லோடு ஏற்றுகிறவன். அவள் அறைக்குள் உட்கார்ந்து சரவெடி பின்னுகிறவள். விடிந்ததும் ஆமத்தூரில் இருந்து கம்பெனி வேன் எங்களை அள்ளிக்கொண்டு போகும். மழை நாளில் மட்டும் வேன் வராது. மழை அங்கே எங்கே பெய்தது, அதை விடுங்கள்.

வேனில் ஏறியதும் பெண்கள் ஆளுக்கொரு கொட்டைப்பாக்கை வாயில் போடுவார்கள். கடிக்கமாட்டார்கள். கன்னத்தில் ஒதுக்கி, மத்தியானம் வரைக்கும் ஊறவிடுவார்கள். ஆண்கள் நாங்களும் பாக்குப் போடுவோம், வெற்றிலை புகையிலையோடு. போட்டுத் துப்பியதும் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்போம். பெண்களோ சித்திரை வெயிலில்கூடப் பானைப் பக்கம் வரமாட்டார்கள். பாக்கு ஆணுக்குத் தாகத்தைக் கிளப்பும், பெண்ணுக்கு அடக்கும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். ஒருநாள் போர்மேன்கூட, பொம்பளைகளுக்கு ஒட்டக உடம்பு என்று சொல்லிச் சிரித்தார்.

என் மனைவி திரியில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"ஆம்பளைக வேலியோரம் நிக்கீக, வாறீக. நாங்க எங்கன போக? தீப் பிடிக்கும்னு சுத்தி இருந்த கருவேலத்தையும் வெட்டிட்டீக. குடிக்காம இருந்தா போக வேண்டாம்லா, அதுக்குத்தான் பாக்கு."

பக்கத்தில் இருந்தவள், "ஒட்டகத்துக்கு ஒரு கக்கூஸ் கட்டுங்க அண்ணாச்சி" என்றாள். சீசன் முடியட்டும், முதலாளியிடம் சொல்கிறேன் என்றார் போர்மேன். தீபாவளி முடிந்தது. அடுத்த ஆர்டர் வந்தது. அவ்வளவுதான்.

பிறகு என் மனைவிக்கு இடுப்பு வலி, குளிர் காய்ச்சல், கடைசியில் கால் வீக்கம். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, வருசக்கணக்காக அடக்கி அடக்கிக் கல் சேர்ந்து, சீழ் பிடித்து, இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார். இனிமேல் ரத்தத்தை மிசினில் சுத்தம் பண்ண வேண்டும். குடித்தது வெளியே போகாதாம், அதனால் தண்ணீரும் அளந்துதான் கொடுக்க வேண்டுமாம்.

இத்தனை வருசம் தெரியாத தாகம் இப்போது அவளுக்குத் தெரிகிறது. மதுரை பஸ்ஸில் தண்ணீர் பாக்கெட் விற்கிறவன் ஏறினால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். வீட்டில் டம்ளர் சத்தம் கேட்டாலே கண் விழித்துவிடுகிறாள்.

அதனால் தெருக்குழாயில் போய்க் குடித்து, துண்டால் வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறேன். அவள் என் உதட்டைத்தான் பார்க்கிறாள்.