மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

ஒரு ராணி விஷம் குடிப்பதற்கு முன்னால் என்ன சொன்னாள் என்று தெரியாமல் லிப்ட் அக்கா பதினைந்து வருஷம் தூங்கவில்லை. சரி, தூங்கினாள். ஆனால் அவள் குறட்டையின் கடைசியில் ஒரு கேள்விக்குறி இருக்கும். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான், நானே கேட்டிருக்கிறேன்.

ஆறு மாடிக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு லிப்ட் ஓட்டும் வேலை. அந்தக் காலத்து லிப்ட். நாலு பக்கமும் இரும்புக் கம்பி, இழுத்துச் சாத்தும் மடக்குக் கதவு, பித்தளைக் கைப்பிடி, அவள் உட்கார ஒரு முக்காலி. மாடிப்படி அந்தக் கூண்டைச் சுற்றிச் சுற்றி ஏறும், கொழுகொம்பில் படர்ந்த கொடி மாதிரி. எட்டுப் பேர் ஏறலாம் என்று உள்ளே ஒரு பலகை சொல்லும். பரீட்சை நாளில் பதினாலு பேர் ஏறுவார்கள். மூச்சை மட்டும் தரைத்தளத்திலேயே விட்டுவிட்டு வரவேண்டும்.

அந்த முக்காலியில் உட்கார்ந்தே அவள் எல்லாப் பாடத்தையும் படித்துவிட்டாள், பாதி பாதியாக. தரைத்தளத்தில் ஏறிய இயற்பியல் இரண்டாம் மாடியில் இறங்கிப் போய்விடும். மூன்றில் ஏறிய பொருளாதாரம் ஐந்தில் அறுந்துவிடும். எந்த நோய்க்கு என்ன அறிகுறி என்று தெரியும், மருந்து தெரியாது. போரில் யார் தோற்றார்கள் என்று தெரியும், யாரிடம் என்று தெரியாது. ராணியும் அப்படி வந்து சேர்ந்தவள்தான். ஒரு வரலாற்று வாத்தியார் கூட வந்தவரிடம், “விஷக் கிண்ணத்தைக் கையில வாங்கிட்டு அந்த ராணி ஒண்ணு சொன்னா பாருங்க...” என்றார். நாலாம் மாடி வந்துவிட்டது. இறங்கிப் போனார். அடுத்த வாரமே மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊர்க் கல்லூரிக்குப் போய்விட்டார். எந்த ராணி, எந்த நாடு, ஒன்றும் தெரியாது.

சூடு கண்ட பூனை சும்மா இருக்குமா? அதன் பிறகுதான் அக்கா அந்த வித்தையைக் கற்றுக்கொண்டாள். கைப்பிடியை ஒரு விரற்கடை பின்னால் இழுத்தால் லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடும். “நின்னுடுச்சு. பழசு இல்லையா, மூச்சு வாங்குது” என்பாள். நல்ல பேச்சாக இருந்தால் முடியும்வரை மூச்சு வாங்கும். மதிப்பெண் பட்டியல் ஒட்டிய நாளில் கண்கலங்கி ஏறும் பிள்ளைகளுக்காகவும் வாங்கும். அக்கா பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டதும் லிப்ட் தானாகவே குணமாகிவிடும்.

மகள் நர்ஸ் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த மாதம், தன் நாற்பத்தேழாவது வயதில், அக்கா கல்லூரி அலுவலகத்துக்குப் போய் வரலாற்றுப் படிப்புக்கு விண்ணப்பம் கேட்டாள்.

“யாருக்கு? சொந்தக்காரப் பசங்களுக்கா?” என்றார் மேலாளர்.

“எனக்குத்தான் சார்.”

“இந்த வயசுல எதுக்கும்மா?”

“பதினேழு வருஷமா ஊரையே மேல ஏத்தி விட்டிருக்கேன் சார். நானும் ஒரு தடவை ஏறிப் பார்க்கறேனே.”

ஊழியர்களுக்குப் பாதிக் கட்டணம்தான். ஆனால் வேலையை விடக்கூடாது. வருஷத்தின் எண்பது வகுப்பில் அறுபதுக்காவது வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் சலுகை போச்சு, திரும்பக் கிடைக்காது. முழுக் கட்டணம் கட்ட அவர்கள் வீட்டில் விற்பதற்கு மிச்சமிருந்தது எங்கள் நடுச்சுவரில் அவர்கள் பாதி மட்டும்தான். அதற்கும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக, பத்து மணி வகுப்புக்கு வாட்ச்மேன் வந்து முக்காலியில் உட்காருவார். அக்கா நாலாம் மாடிக்குப் போய் பெஞ்சில் உட்காருவாள்.

அவள் வீட்டுக்காரர் அச்சகத்தில் தாள் வெட்டுகிறவர். கழித்துப் போடும் ஓரத் தாள்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, ஊசி நூலால் தைத்து நோட்டு ஆக்கிக் கொடுத்தார். முழ நீளம், நாலு விரல் அகலம்.

“உனக்குன்னே தனியா அடிச்ச அளவு. எந்தக் கடையிலயும் கிடைக்காது.”

“எப்படிக் கிடைக்கும்? விலைக்கு வச்சா எவன் வாங்குவான்?”

என்றாலும் அதில்தான் எழுதினாள். குறுகலாக எழுதிப் பழகிய கை மாறுமா? முதல் தேர்வில் அவ்வளவு பெரிய விடைத்தாளிலும் இடது ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கே எழுதிக்கொண்டு போனாள். கூடுதல் தாள் மட்டும் ஒன்பது வாங்கினாள்.

வரலாறு எடுத்தது முப்பத்தொரு வயதுப் பெண். அதே கல்லூரியில் படித்து, அதே லிப்டில் ஏறி இறங்கி வளர்ந்தவள். வகுப்பில் அக்கா அவளை ‘மேடம்’ என்பாள். லிப்டுக்குள் வந்துவிட்டால் ‘கண்ணு’.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மேடம் கேட்டாள், “என்னக்கா இது? மழைக்கு ஒதுங்கின மாதிரி எல்லாம் ஓரமாவே நிக்குது. மீதி இடத்தை யாருக்கு விட்டீங்க?”

“அவ்வளவு அகலத்தைப் பார்த்ததும் பயந்துட்டேன் மேடம்.”

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் இரண்டு ஓரத்தாளைப் பக்கம் பக்கமாக ஒட்டி நோட்டு தைத்தார். “இந்தா, ரோட்டை அகலப்படுத்தியாச்சு. தாராளமா ஓட்டு.”

ராணியைப் பற்றி அக்கா முதல் வாரமே கேட்டுவிட்டாள். மேடம் சிரித்தாள். “அது கடைசிப் பாடம். வகுப்புக்கு வந்தாத்தான் சொல்லுவேன்.”

வாட்ச்மேன் லீவு போட்ட நாட்களில் விட்டுப்போன சில வகுப்பு போக, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பத்தாவது மாதம் வாட்ச்மேன் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். மூன்று வாரம் மாற்று ஆள் இல்லை. அவர் கட்டோடு திரும்பி வந்தபோது அக்காவின் கணக்கு ஐம்பத்தொன்பதில் நின்றது. பாக்கி ஒரே வகுப்பு, கடைசி வகுப்பு.

முந்தின நாள் மேலாளர் வந்தார். “நாளைக்குக் கல்லூரியைப் பார்வையிட குழு வருது. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நீ லிப்டை விட்டு நகரக் கூடாது. வாட்ச்மேன் காலை வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நொண்டினா நல்லாவா இருக்கும்?”

“பத்து மணிக்கு மட்டும் ஒரு மணி நேரம் சார்...”

“ஒரு நிமிஷம்கூடக் கிடையாது.”

மேடம் இறங்கிப் போகும்போது அக்கா விஷயத்தைச் சொன்னாள். மேடத்தின் முகம் வாடிவிட்டது. “வகுப்புல இல்லாதவங்களை இருந்தாங்கன்னு நான் பதிவேட்டுல எழுத மாட்டேனே அக்கா.”

“நான் கேட்கவே இல்லையே கண்ணு. நீ எழுதினா நானே அதை அடிச்சுடுவேன்.”

அன்று சாயங்காலமும் சுவருக்கு அந்தப் பக்கம் தாளில் ஊசி ஏறும் சத்தம். பிறகு அக்காவின் குரல் கேட்டது: “அதான் படிப்பு முடிஞ்சுபோச்சே. இன்னும் எதுக்கு நோட்டைத் தைச்சுக்கிட்டு இருக்கீங்க?”

“கை சும்மா இருக்க மாட்டேங்குது” என்றார் அவர். நூலை அறுக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஒன்பதரைக்குக் குழுவை ஆறாம் மாடிக் கூட்ட அறையில் இறக்கிவிட்டு, அக்கா காலி லிப்டோடு கீழே வந்து நின்றாள். சரியாகப் பத்துக்கு மேடம் பதிவேட்டோடு வந்து ஏறினாள். கூடவே அவள் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர்.

“நாலாவது மாடி அக்கா.”

அக்கா கைப்பிடியைத் தள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று தாண்டியதும் மேடம், “மூச்சு வாங்கட்டும்க்கா” என்றாள்.

“என்ன மேடம்?”

“லிப்ட் மூச்சு வாங்கட்டும். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நான் ரெண்டு பாடத்துல பெயிலான அன்னைக்கு, இதே இடத்துலதான் பத்து நிமிஷம் வாங்குச்சு. நீங்க அந்தப் பலகையைப் படிச்சுக்கிட்டே நின்னீங்க. அதுல இருக்கறதே ரெண்டு வரிதான்க்கா.”

அக்காவின் கை தானாகவே ஒரு விரற்கடை பின்னால் வந்தது. லிப்ட் நின்றது. நாலாம் மாடியிலிருந்து மீதிப் பிள்ளைகள் தடதடவென்று இறங்கி வந்து கூண்டைச் சுற்றிப் படிகளில் உட்கார்ந்துகொண்டார்கள்.

“வேலை போயிடும் மேடம்.”

“லிப்டை விட்டு நகரக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? நகர்ந்தீங்களா?”

“பொய் எழுத மாட்டேன்னு பெருசா சொன்ன ஆளு நீங்க...”

“பதிவேட்டுலதான் எழுத மாட்டேன்னேன். லிப்டைப் பத்தி நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கலையே.” மேடம் புத்தகத்தைத் திறந்தாள்.

கீழேயிருந்து மேலாளர் கத்தினார், “என்னாச்சு அங்க?”

“நின்னுடுச்சு சார்!” முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். அவர் கையைப் பிசைந்துகொண்டு பழுது பார்க்கிறவனைத் தேடி ஓடினார். கொஞ்ச நேரத்தில் குழுத் தலைவரே ஆறாம் மாடியிலிருந்து படியிறங்கி வந்தார், அசைந்து அசைந்து, ஒரு பீரோவை இறக்குவது போல. கூண்டுக்குள் ஆசிரியையும் படியெல்லாம் மாணவர்களுமாகப் பார்த்தவர், காலும் வலித்ததால், ஒரு படியில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. படிக்கட்டைக்கூடப் பாடத்துக்குப் பயன்படுத்தும் கல்லூரி என்று பின்னால் அறிக்கையில் பாராட்டி எழுதினாராம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மேலாளருக்குச் சம்பளம் உயர்ந்தது அதனால்தான்.

பாடத்தின் கடைசியில் ராணி வந்தாள். நாடு பிடிபட்டுவிட்டது. கிண்ணம் வந்துவிட்டது. மேடம் அக்காவைப் பார்த்துச் சொன்னாள்:

“கிண்ணத்தைக் கொண்டு வந்த வேலைக்காரப் பொண்ணு நடுங்கிக்கிட்டு நின்னுச்சாம். ராணி அதைக் கையில வாங்கிட்டு, ‘நீ சாப்பிட்டியா?’ன்னு கேட்டா. அவ்வளவுதான். நிஜமா கேட்டாளா, பின்னாடி யாராவது சேர்த்துக் கட்டினாங்களா, அதுக்கு ஆதாரம் கிடையாது.”

அக்கா முந்தானையால் கைப்பிடியைத் துடைத்தாள். அது ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது.

“நிஜமாத்தான் இருக்கும் மேடம்” என்றாள் மெதுவாக. “அந்தப் பொண்ணுதான் வெளிய வந்து சொல்லியிருக்கும். அந்த அறையில வேற யாரு இருந்தா?”

மேடம் பேனாவை எடுத்துத் தன் புத்தகத்தின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டாள், நாலு விரல் அகலத்துக்குள். அடுத்து பதிவேட்டைப் பிரித்தாள். ஒன்று, இரண்டு என்று எண்கள் படிகளைச் சுற்றி மேலும் கீழுமாகப் போய் வந்தன.

“முப்பத்தி மூணு?”

“உள்ளேன் மேடம்” என்றது முக்காலி.

பேனா தாளில் ஓடியது. மேடம் பதிவேட்டை மூடினாள். “லிப்ட் சரியாயிடுச்சாக்கா?”

“ஆயிடுச்சு கண்ணு” என்று அக்கா மூக்கைச் சிந்தினாள். சிந்தும்வரை மேடம் பலகையையே படித்துக்கொண்டிருந்தாள்.