என் சோற்று நோட்டைப் பொய் என்றார்கள்

முதலில் என் குரல்தான் கெட்டது. வரதராசன்பேட்டையில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை நான். காலையில் பேர் கூப்பிடும்போது தொண்டை கரகரத்து ஆண்குரல் போல ஒலித்தது. பின்வரிசைப் பிள்ளைகள் அப்படியே பேசிக்காட்டிச் சிரித்தார்கள். அடுத்து முகம் ஊதியது. ரவிக்கைகள் சேரவில்லை. ஒரு வருஷத்துக்குள் முப்பது ராத்தல் (ஏறத்தாழ பதினான்கு கிலோ) ஏறிவிட்டேன்.

அது யுத்தகாலம். அரிசியை அளந்து கொடுத்த நாட்கள். ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது நான் மட்டும் பருத்தேன். "டீச்சர் வூட்டுக்கு மட்டும் அரிசி எங்கேருந்து வருதோ!" என்று கிணற்றடியில் ஒருத்தி சொன்னாள். என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள்.

கணவர் என்னை அரியலூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் என்னை எடை மெஷினில் நிறுத்தினார். வேறெங்கும் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு நோட்டையும், உணவுகளின் கலோரி (உணவு உடம்புக்குத் தரும் சூட்டின் அளவு) எழுதிய ஒரு தாளையும் கொடுத்தார். வாயில் போடுவது எல்லாவற்றையும் எழுதிக் கூட்ட வேண்டும். நாளுக்கு ஆயிரத்து இருநூறைத் தாண்டக் கூடாது.

எழுதினேன். கம்பங்கூழ் ஒரு தம்ளர். சோறு நாலு அவுன்ஸ் அரிசியில் வடித்தது. கத்தரிக்காய்க் குழம்பு, எண்ணெய் அரைக் கரண்டி. பிள்ளை மிச்சம் வைத்த அரை இட்லியைக்கூட விடவில்லை. பெரும்பாலான நாட்களில் ஆயிரத்து நூறைத் தாண்டியதில்லை. பசியே இல்லாதபோது குறைப்பதில் என்ன கஷ்டம்?

நோட்டின் ஓரம் காலியாக இருந்தது. டாக்டர் கேட்காததை அங்கே எழுதினேன். 'சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தினேன்.' 'நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை.' 'சீப்பு நிறைய முடி.' 'மாதாகோவில் பூசையில் முழங்காலில் நின்றபடியே தூங்கினேன்.'

மூன்று மாதம் கழித்து மெஷினில் ஏறினேன். நாலு ராத்தல் கூடியிருந்தது. டாக்டர் நோட்டை மேலோட்டமாகப் புரட்டினார்.

"தராசு பொய் சொல்லாதும்மா. நோட்டு சொல்லும்."

"நான் ஒரு வாய்கூட மறைக்கலைங்க."

டாக்டர் பேனாவைத் திறந்தார். சிவப்பு மையால் கடைசிப் பக்கத்தில் 'நம்பத்தக்கதல்ல' என்று எழுதி என் கணவரிடம் கொடுத்தார். என்னிடம்கூட இல்லை, அவரிடம்.

திரும்பும் வழியில் கரி பஸ்ஸில் (பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து ஓட்டிய பஸ்) கணவர் தணிந்த குரலில் கேட்டார்: "உண்மையச் சொல்லிடு. பள்ளிக்கூடத்துல ஏதாச்சும் வாங்கித் திங்கிறியா? நான் திட்டமாட்டேன்."

பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவர். அந்தக் கனிவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. திட்டியிருந்தால் மன்னித்திருப்பேன்.

மறுநாள் முதல் மாமியார் பலகார டப்பாவைத் தன் கட்டிலடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அரியலூரில் ரயில் ஏறித் திருச்சி போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நடுத்தர வயது, தடித்த கண்ணாடி. நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தும் படித்து முடித்தார்.

"சாப்பாட்ட சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா வியாதிய ஓரத்துல எழுதி வச்சிருக்கீங்களே!"

என் கையைத் தடவிப் பார்த்தார். நாடி நிமிஷத்துக்கு ஐம்பத்திரண்டு. குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியால் தட்டினார். பாதம் துள்ளி, சோம்பேறி போல மெதுவாகத் திரும்பியது.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி (உடம்பு வேலை செய்யும் வேகத்தை நடத்துவது) இருக்கு. உங்களுக்கு அது சுரக்கறது நின்னுகிட்டே வருது. இது அவ்வளவும் கொழுப்பு இல்ல. தோலுக்கடியில கோந்து மாதிரி நீர் கட்டியிருக்கு. பட்டினி கிடந்தா இது போகாதும்மா."

"அப்ப நான் பொய் சொல்லலைங்களே?"

"பொய் சொல்ற ஆளு அரை இட்லிய எழுதுவாங்களா?"

அங்கே அழுதேன். சந்தோஷத்தால் அல்ல, ஆத்திரத்தால்.

ஆட்டின் சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்த மாத்திரை கொடுத்தார். நெஞ்சு படபடத்தால் உடனே வரச் சொன்னார். மூன்றாம் வாரம் நீர் பிரியத் தொடங்கியது. கம்பளியை மடித்து வைத்தேன். பசி வந்தது, முன்னைவிட அதிகம் தின்றேன்; எடை இறங்கியது. ஆறு மாதத்தில் இருபத்தாறு ராத்தல் போயிற்று. மாமியார் பலகார டப்பாவைப் பேசாமல் அடுக்களையில் கொண்டுவந்து வைத்தார்.

அரியலூர் டாக்டரிடம் நோட்டோடு போனேன். விவரம் கேட்டுவிட்டு, "ஆயிரத்துல ஒருத்தருக்கு அப்படி இருக்கும்மா" என்றார்.

"அந்த ஒருத்தி உங்க எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன்?"

அவர் மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

'பருத்திருக்கிறாய், எடையைக் குறை' என்று உங்களிடமும் நோட்டைக் கொடுப்பார்கள். வாங்கி எழுதுங்கள். ஆனால் சோற்றோடு நிறுத்திவிடாதீர்கள். குளிரையும் தூக்கத்தையும் முடி கொட்டுவதையும் எழுதுங்கள். கடைசிப் பக்கம்வரை படிக்கிற ஒரு டாக்டர் கிடைக்கும்வரை அதைத் தூக்கிக்கொண்டு அலையுங்கள்.

எனக்கு ஆயுசுக்கும் மாத்திரை உண்டு. ஒரு வாரம் தவறினால் நாள் நீண்டுபோகிறது. படியேறும்போது கால் வேறொருத்தியுடையது போலக் கனக்கிறது. உடம்பு என்னுடையது என்று முன்புபோல அலட்சியமாகச் சொல்ல இப்போது வாய் வருவதில்லை.

போன மாதம் என் மகள் லூர்துமேரி எதற்கோ சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப நீ எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம்தான் சிரிப்ப. உனக்கு எங்களப் புடிக்கலைன்னு நெனச்சுக்குவேன்."

வியாதி என்னை மந்தமாக்கியிருந்த அந்த நாட்களில் அவளுக்கு ஐந்து வயது. அந்த இரண்டு வருஷத்தை எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது?