முந்த முடியாத ரோட்டில் ஒரு பந்தயம்

மைக்கில் அறிவிப்பது என்பது, எல்லோருக்கும் கண்ணால் தெரிவதை இன்னும் சத்தமாகச் சொல்லும் வேலை. தெரிவதற்கு எதுவுமே இல்லாதபோது என்ன ஆகும் என்பது, யாருக்காகவோ வெயிலில் நின்று கைதட்டிப் பழகிய உங்களுக்குப் புரியும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் சித்திரைதோறும் நடந்த மோட்டார் பந்தயத்துக்கு நான்தான் மைக்.

சீட்டு

வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு மிராசுதார் தொடங்கிவைத்த பந்தயம் அது. மதகடியில் கிளம்பி, கோடியக்கரை போய்த் திரும்ப வேண்டும். ரோடு ஒரு கார் அகலம்தான். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். முன்னால் போகிறவரை முந்த வழியே கிடையாது. ஆகவே, யார் முதலில் கிளம்புவது என்று சீட்டுக் குலுக்குவார்கள். முதல் சீட்டு எடுத்தவர்தான் ஜெயிப்பார். கோடியக்கரையில் எல்லோரும் இறங்கி இளநீர் குடித்துவிட்டு, அதே வரிசையில் மரியாதையாகத் திரும்புவார்கள்.

ஒரு வருஷம் முதல் சீட்டு எடுத்தவருக்கு அங்கேயே மாலை போட்டுவிட்டார்கள். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஜமால் பாய் என்னிடம் குனிந்து கேட்டார்: "தம்பி, மாலை போட்டாச்சு. மைக்செட்டக் கழட்டிடவா?"

வரலாறு

கார்கள் திரும்பும்வரை நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பந்தயத்தை இப்போது நடத்துகிறவர் மிராசுதாரின் மகன். சின்னவர் என்போம். பந்தயத்தின் வரலாற்றைச் சொல் என்பார். அது பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஒருமுறை வேறு வழியில்லாமல், "கார்கள் வேதாரண்யத்தருகே ஒன்றையொன்று ஆவேசமாகத் துரத்துகின்றன" என்று கத்தினேன். கூடையோடு எதிரே உட்கார்ந்திருந்த மீன்காரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அது துரத்தட்டும். எங்க பஸ்ஸ எப்ப விடுவீங்க?"

மனு

விவகாரம் பஸ்ஸில்தான் வந்தது. நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு என்று ஊர் இரண்டுபட்டுக் கிடந்த காலம். சின்னவர் நிலத்தில் கூலியாக இருந்த அஞ்சலை, விவசாயச் சங்கம் போராடியதில் மூன்று மா நிலத்துக்குக் குத்தகைக்காரராகப் பதிவாகியிருந்தார். தன் பேரில் அவர் எடுத்த முதல் விளைச்சல் உளுந்து. செடியை அடிக்கக் களம் தர முடியாது என்றுவிட்டார் சின்னவர். களம் இல்லாதவர்கள் செடியை ரோட்டில் பரப்புவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் நெற்று உடைந்து மணி உதிரும். பந்தயத்துக்காக ரோட்டை அடைத்ததில் இரண்டு நாள் அந்தப் பஸ்ஸும் இல்லை. வானம் கறுத்திருந்தது. நனைந்தால் உளுந்து முளைத்துவிடும்.

பந்தயத்தையே ஒழிக்கச் சொல்லிச் சங்கம் கொடுத்த மனுவில் முதல் கைநாட்டு அஞ்சலையுடையது. பந்தயம் முடிந்த மறுநாள் விசாரிப்பதாகத் தாசில்தார் சொன்னார். சின்னவருக்கு அதுவே பொறுக்கவில்லை.

"எங்கப்பா காலத்துப் பந்தயம்யா. தோசைக்கு அரைக்கிற உளுந்துக்காக நிறுத்தறதா?"

மதகடி வளைவு

அந்த வருஷம் முதல் சீட்டு சின்னவருக்கே விழுந்தது. கார்கள் கோடியக்கரைக்குப் போயிருந்த நேரம், அஞ்சலையும் நான்கு பெண்களும் உளுந்துச் செடியைச் சுமந்துவந்து வளைவில் பரப்பினார்கள்.

"ஏங்க, கார் வருமே!" என்றேன்.

"வரட்டும்னுதானே போடறோம்" என்றார் அஞ்சலை. மைக் திறந்திருந்ததால் ஊருக்கே கேட்டது.

முதலில் சின்னவரின் கார் வந்தது. செடியில் ஏறியதும் வழுக்கி, அவசரமே இல்லாமல் ரோட்டைவிட்டு இறங்கி, வாய்க்காலில் மூக்கை வைத்து நின்றது. அடியில்லை, வேட்டிதான் சேறு. பின்னால் வந்த கார் நிதானமாகச் செடியை நசுக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் ஐந்து கார்கள். பந்தய வரலாற்றில் ஒருவர் இன்னொருவரை முந்தியது அன்றுதான். கூட்டம் எழுந்து நின்று கூவியது. நானும் மைக்கை மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜமால் பாய் முதுகில் குத்தினார்.

"பேசுப்பா! இன்னைக்குத்தான் நெசமாவே ஏதோ நடக்குது!"

விசாரணை

மறுநாள் சின்னவரே முதலில் எழுந்து, மரியாதை இல்லாத ரோட்டில் இனிப் பந்தயம் வேண்டாம் என்றார். இரு தரப்பும் ஒத்துப்போன மனுவை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கும் தாசில்தார், சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தார். அஞ்சலை அவசரமாக முன்னால் வந்தார். உளுந்து மழைக்கு முன்பே மூட்டையாகி வீடு சேர்ந்திருந்தது.

"அய்யா, என் கைநாட்ட அடிச்சிடுங்க. பஸ்ஸவிட இந்தப் பந்தயம் நல்லா அடிக்குது. அடுத்த வாரம் பயறு பறிக்கிறோம், அதுக்கும் ஒண்ணு வைக்கச் சொல்லுங்க."

இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் அந்தப் பந்தயத்துக்கு நான் தேடித்தர முடியாத ஓர் உண்மையான ரசிகர், அதை ஒழிக்க எல்லோரும் கூடிய இடத்தில்தான் கிடைத்தார்.